போலியில் தப்பி அசலில் கோட்டை விட்டது: ஒரு நாணயக் கண்காட்சி நாள்

பின்னணி

சம்பந்தப்பட்டவர் என் நண்பர். நாற்பதைத் தாண்டியவர், நாணயம் சேர்க்க ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகிறது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கண்டதையும் வாங்கிக் குவிக்கிற ஆள் கிடையாது. கிழக்காசிய வியாபாரத்துக்கென்றே அடித்த பெரிய வெள்ளிக் காசுகள், அது ஒன்றுதான் அவருக்கு. சீன வியாபாரிகள் மெக்சிகோ வெள்ளிக் காசை வாங்கி வாங்கிப் பழகியிருந்தார்கள், அந்த இடத்தைப் பிடிக்க அமெரிக்கா 1873இல் ஒரு வணிக டாலரை இறக்கியது, ஜப்பான் 1875இல் ஒன்று, பிரிட்டன் 1895இல் ஒன்று. பிரிட்டிஷ் டாலரில் பெரும்பகுதி பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது. 1900 முதல் 1902 வரை கல்கத்தாவிலும், 1925, 1930 ஆகிய இரண்டு வருடங்களில் லண்டனிலும் அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திரிசூலமும் கேடயமுமாக நிற்கும் பிரிட்டானியா, மறுபக்கம் கொடிப் பின்னலுக்கு நடுவே சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) 'ஒரு டாலர்'.

இந்த வகையில் போலி மலிந்து கிடக்கிறது. நண்பரும் முதல் வருடமே இணைய ஏலத்தில் இரண்டு போலிகளை வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து எடை போட்டதுமே தெரிந்துவிட்டது, ஒன்று 24 கிராம் சொச்சம், இன்னொன்று அதற்கும் கீழே. இருக்க வேண்டியது 26.95. பணம் போனது ஒரு பக்கம், அவரை அதிகம் உறுத்தியது தான் எடைகூடப் பார்க்காமல் ஏலம் கேட்டோமே என்பதுதான். அதிலிருந்து போலி என்ற ஒரு பயம் அவருக்குள் உட்கார்ந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் நடந்ததற்கு இதுதான் வேர்.

கண்காட்சி உள்ளூரில், ஒரு நாள் மட்டும், சுமார் நாற்பது மேசை. அவர் நேரில் போவது அதுதான் முதல் தடவை. நான் பல தடவை போனவன் என்பதால் கூட வரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: "நீங்க பக்கத்துல நில்லுங்க, ஆனா நான் கேட்டா மட்டும் சொல்லுங்க. நானே கத்துக்கணும்." நியாயமாகப் பட்டது, ஒத்துக்கொண்டேன்.

போவதற்கு முன்

அவர் தயாரான விதத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, நான் இத்தனை வருடமும் வெறும் லென்ஸோடுதான் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் பையில் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, அதைச் சரிபார்க்க ஓர் எடைக்கல், விட்டம் அளக்கும் காலிப்பர், பத்து மடங்கு லென்ஸ், ஒரு நியோடிமியம் காந்தம். ஒரு தாளில் அளவுகள்: விட்டம் 39 மில்லிமீட்டர், எடை 26.95, வெள்ளி ஆயிரத்துக்கு 900 பங்கு. பம்பாய்க் காசில் 'பி' என்ற குறி திரிசூலத்தின் நடுமுனையில் குழிந்து இருக்கும், கல்கத்தாவின் 'சி' பிரிட்டானியாவின் இடது காலுக்கும் கேடயத்தின் அடிக்கும் இடையே தரையில் இருக்கும், லண்டன் காசில் குறியே கிடையாது. இதையெல்லாம் படம் போட்டு வைத்திருந்தார்.

வாங்க வேண்டியவை மூன்று. கல்கத்தா டாலர் ஒன்று, லண்டன் டாலர் ஒன்று, சாப் முத்திரை, அதாவது சீனக் காசுமாற்றுகிறவர்கள் சோதித்துப் பார்த்து அறைந்த சின்னம், விழுந்த காசு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கவர், அதற்குள் அதற்கான உச்சவரம்புப் பணம். ஒரு கவரைத் தாண்டி இன்னொன்றில் கை வைப்பதில்லை என்று தனக்குத்தானே விதி. மண்டபத்துக்குள் நுழைந்ததும் கை அரிக்கும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றார். சரியான யோசனை, இன்றைக்கும் நான் அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான்காவதாகவும் ஒரு கவர் இருந்தது. மேலே 'இதர' என்று எழுதியிருந்தது. எதிர்பாராமல் ஏதாவது கண்ணில் பட்டால் என்று வைத்தது. மற்ற மூன்றுக்கும் என்ன பார்க்க வேண்டும், எவ்வளவு கொடுக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியவர் இதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. விளக்கு எடுத்துப் போகவும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

முதல் சுற்று

திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்குவதில்லை, எல்லா மேசையையும் ஒரு தடவை பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். காரணம் எளிது: ஒரே வருடம், ஏறக்குறைய ஒரே தரம் உள்ள காசுக்கு ஒரு மேசையில் சொல்கிற விலையும் அடுத்த மேசையில் சொல்கிற விலையும் ஒன்றாக இருக்காது. அன்று ஒரே மாதிரியான பம்பாய் டாலரை மூன்று இடத்தில் பார்த்தோம், அதிகபட்ச விலை குறைந்தபட்ச விலையைப் போல ஒன்றரை மடங்கு. முதல் மேசையிலேயே வாங்கியிருந்தால் அந்த ஒன்றரை மடங்கைத்தான் கொடுத்திருப்பார்.

இந்த மாதிரி முதல் சுற்றில் ஒரு பாதகம் உண்டு, நல்ல காசு கைமாறிவிடும். அது எப்படியும் கைமாறும். கதவு திறப்பதற்கு முன்பே வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்று முடித்துவிடுகிறார்கள், பொதுமக்கள் பார்ப்பது அதற்குப் பிறகு மிஞ்சியதைத்தான். எனவே பறப்பதில் பெரிய லாபம் இல்லை என்பது என் கணக்கு.

ஒரு கலப்புப் பெட்டியில், ஆஸ்திரிய மகாராணி மரியா தெரசாவின் உருவம் போட்ட தாலர் என்ற வெள்ளிக் காசு ஒன்று கிடந்தது, துண்டுச்சீட்டில் '1780 ஒரிஜினல்' என்று எழுதி. நண்பர் சிரித்துக்கொண்டே திரும்ப வைத்தார். அந்தக் காசு எந்தக் காலத்தில் அடித்தாலும் வருடம் 1780 என்றுதான் இருக்கும், மகாராணி இறந்த பிறகும் அதே அச்சில் வியன்னா முதல் பம்பாய் வரை பல ஊர்களில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். மார்பு ஊசியிலுள்ள முத்து, கழுகின் வால் இறகு என்று நுணுக்கம் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அது இன்னொரு படிப்பு.

அந்தக் கல்கத்தா டாலர்

இரண்டாவது சுற்றில், மூலையில் இருந்த ஒரு மேசையில், 1901 என்ற வருடத்தோடு 'சி' குறி உள்ள டாலர். தேடி வந்த பட்டியலில் முதலாவது. விலையும் அவர் கவரில் வைத்திருந்ததைவிடக் குறைவு. நண்பர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தராசை எடுத்தார், வியாபாரியும் தாராளமாகப் பாருங்கள் என்றார்.

எடை 26.88. நூறு வருடத்துக்கு மேலான காசு, தேய்மானத்துக்கு இந்தக் குறைவு சரிதான். விட்டம் 39.1. காந்தம் ஒட்டவில்லை. சாய்த்து வைத்துக் காந்தத்தை வழுக்கவிட்டால் வெள்ளியின் மேல் தயங்கித் தயங்கித்தான் இறங்கும், இதிலும் தயங்கியது. இது வெள்ளிக்கு மட்டும் உரிய குணம் அல்ல, செம்பிலும் அப்படித்தான் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மூன்று சோதனை தாண்டியாயிற்று. கவரை எடுக்கக் கை பைக்குள் போனது.

அப்புறம் நிறுத்திவிட்டு லென்ஸை எடுத்தார். 'சி' இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, ஆனால் எழுத்தின் வாய் அடைத்துக்கொண்டு குமிழ் மாதிரி தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் "துணி மடிப்பைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

பிரிட்டானியாவின் மார்பிலும் தொடையிலும் துணி மடிப்புகள் மழுங்கியிருந்தன. புழங்கித் தேய்ந்த காசில் மேடான இடம் மழுங்கத்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஆனால் அப்படித் தேய்ந்த இடம் சமதளமாகி, சுற்றியுள்ள பரப்பிலிருந்து நிறம் மாறி, மங்கித் தெரிய வேண்டும். இந்தக் காசில் மழுங்கிய மடிப்பின் மேலேயே புதுக் காசின் பளபளப்பு இருந்தது. அதாவது உருவம் தேய்ந்திருக்கிறது, உலோகம் தேயவில்லை. தேய்ந்துபோன ஓர் அசல் காசிலிருந்து அச்செடுத்து, அந்த அச்சில் புதிய வில்லையை வைத்து அடித்தால் இப்படித்தான் வரும், அசலின் தேய்மானமும் சேர்ந்து பிரதியாகிவிடும். வெற்றுப் பரப்பில் ஊசிமுனை அளவுப் பருக்கள் வேறு அங்கங்கே.

இது வலுவான சந்தேகம், ஆனால் சந்தேகம்தான். நிரூபணம் கிடைத்தது தற்செயலாக. மறுபக்கத்தில், ஜாவி எழுத்துக்குக் கீழே, நகக்கீறல் போல வளைந்த ஒரு சின்னப் பள்ளம். நண்பர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக என்னிடம், "இதே பள்ளத்தைக் கொஞ்சம் முன்னாடி எங்கயோ பார்த்தேனே" என்றார்.

காசை மரியாதையாகத் திரும்ப வைத்து, "இன்னொரு சுற்று போயிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். நாலைந்து மேசை தள்ளி, வயதான ஒருவரிடம், 1908 பம்பாய் டாலர் ஒன்று. காலையில் கைபேசியில் படம் எடுக்க அவர் அனுமதித்திருந்தார். திருப்பிப் பார்த்தால் அதே ஜாவி எழுத்துக்குக் கீழே, அதே கோணத்தில், அதே வளைந்த பள்ளம். ஒரு காசு மேசையில் விழுந்தோ இன்னொரு காசோடு உரசியோ அடி வாங்குவது அதன் சொந்த விதி. ஊர் வேறு, வருடம் வேறு என்று இருக்கிற இரண்டு காசுகள் ஒரே இடத்தில் ஒரே அடியை வாங்க வழியே இல்லை. இரண்டும் ஒரே கள்ள அச்சின் பிள்ளைகள், வருடப் பக்கத்தை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள்.

என்ன செய்தார், ஏன்

வயதானவரிடம் நேரடியாகச் சொன்னார். அவருக்குத் தெரியாது என்று எங்களுக்குத் தோன்றியது, காலையில் படம் எடுக்கவிட்டதே அதற்கு அடையாளம். "ஐயா, தப்பா நினைக்காதீங்க, இதைக் கொஞ்சம் லென்ஸ்ல பாருங்க" என்று காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் காசைத் தட்டில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டைப்பை எனக்குப் பிடித்திருந்தது.

மூலை மேசைக்காரரிடம் சொல்லவில்லை. அவர் தெரிந்து விற்கிறாரா தெரியாமல் விற்கிறாரா என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை, சண்டையாகிவிடும் என்ற தயக்கமும் இருந்தது. ஏற்பாட்டாளர்களிடம் படத்தைக் காட்டிச் சொன்னோம், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அது எங்கள் தவறு.

மதியத்துக்கு மேல் மூன்றாவது கவர் காலியானது, ஒழுங்கான முறையில். 1899 பம்பாய் டாலர், மேலே இரண்டு சாப் முத்திரைகள். சீனாவில் காசு மாற்றுகிறவர்கள் வெள்ளியைச் சோதித்துப் பார்த்து, நம்பிக்கைக்கு அடையாளமாகத் தங்கள் சின்னத்தைக் காசின் மேலேயே அறைந்துவிடுவார்கள், அதுதான் சாப். முத்திரை இருப்பதாலேயே காசு அசல் என்று ஆகிவிடாது, போலியிலும் சாப் அடிக்கிறார்கள். எனவே முத்திரைக்கு நேர் பின்பக்கத்தைப் பார்த்தார், அடியின் வேகத்தில் அந்த இடம் லேசாகத் தட்டையாகியிருந்தது. எடை 26.79. விளிம்பு வரிகள் சீராக இருந்தன. காலையில் பார்த்த விலைகளைச் சொல்லிப் பேசினார், கொஞ்சம் குறைந்தது. 'போலி என்று தெரிந்தால் திரும்பப் பெறுவேன்' என்று ரசீதில் எழுதி வாங்கினார். அந்த வியாபாரி முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்.

லண்டன் டாலர் ஒன்றே ஒன்று இருந்தது, விலை கவரைத் தாண்டிப் போனதால் விட்டுவிட்டார்.

இதுவரை அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

கடைசி முக்கால் மணி நேரம்

மேசைகளில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காலையிலிருந்து நின்றபடியே இருந்ததில் கால் விட்டுப்போயிருந்தது, வயிறும் காலி. நண்பர் பையில் மூன்று கவர்கள் தொடாமல் கிடந்தன. போலியைக் கண்டுபிடித்த பெருமையும் இருந்தது, கையில் வந்ததோ ஒரே காசு. இந்தக் கலவை எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குத் தெரியும், எனக்கே நடந்திருக்கிறது. தெரிந்தும் அந்த நேரத்தில் நான் ஆறு மேசை தள்ளிச் செப்புக்காசு பற்றி வேறொருவரிடம் வாயாடிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் அமெரிக்க வணிக டாலர், 1877, சான் பிரான்சிஸ்கோவின் 'எஸ்' குறியோடு. அவர் பட்டியலில் இல்லாதது, ஆனால் அவர் சேர்க்கும் வகைதான். வெள்ளை வெளேர் என்று இருந்தது. புழங்காத காசு என்ற கணக்கில் விலை சொன்னார்கள். இந்த வகைக் காசில் ஒரு விசேஷம், எடையும் தரமும் காசின் மேலேயே எழுதியிருக்கும்: 420 கிரெயின், 900 தரம். 420 கிரெயின் என்றால் 27.2 கிராம். இவர் போட்ட எடை 27.19. விட்டம் சரி, காந்தம் சரி, கழுகுக்குக் கீழே 'டாலர்' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு மேலே 'எஸ்' கூர்மையாக நின்றது. லென்ஸில் பருக்கள் இல்லை, இரண்டு பக்கமும் பொருத்தமில்லாத பள்ளங்கள் இல்லை. நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அசல்.

"இன்னும் பத்து நிமிஷத்துல கட்டிடுவேன் தம்பி. கடைசி விலை சொல்லட்டுமா?" என்றார் வியாபாரி. சொன்னார், கணிசமாகக் குறைந்திருந்தது. 'இதர' கவர் முழுக்கக் காலியாகி, கல்கத்தா கவரிலும் கை வைக்க வேண்டி வந்தது. ரசீதில் எதுவும் எழுதி வாங்கவில்லை. நான் திரும்பி வந்தபோது காசு ஏற்கெனவே அவர் பைக்குள் இருந்தது, முகம் மலர்ந்திருந்தது. எடுத்துக் காட்டினார். மண்டபத்தின் உயரத்து டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில்

இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. "கொஞ்சம் கோடு கோடா தெரியுதே, அது என்ன?"

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்தால், சரக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண் உருவத்துக்கு முன்னால் உள்ள வெற்றுப் பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில், துணியால் துடைத்த மேசைக் கண்ணாடி போல. அச்சைத் தேய்த்து மெருகேற்றியதால் வரும் கோடுகளும் காசில் உண்டு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை அச்சில் பள்ளமாக இருந்து காசில் மேடாக வருபவை, வெற்றுப் பரப்பில் ஓடி உருவத்தின் ஓரத்தில் நின்றுவிடும். இங்கே கோடுகள் பள்ளமாக இருந்தன, பரப்பிலிருந்து கிளம்பி நீட்டிய கையின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயின. அடித்த பிறகு யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எழுத்துகளின் மூலைகளில் வெண்மையாக ஏதோ பூத்திருந்தது, தேய்க்கப் பயன்படுத்திய பொடியின் மிச்சமாக இருக்கலாம்.

சுழலும் ஒளியும் இல்லை. அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி ஓடுவதால் கண்ணுக்குத் தெரியாத வரிகள் உண்டாகும், காசைச் சாய்த்தால் ஒளி அந்த வரிகளில் பட்டு வண்டிச்சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றி வரும். புழங்காத காசின் உயிர் அதுதான். தேய்த்தாலோ அமிலத்தில் முக்கி எடுத்தாலோ முதலில் போவதும் அதுதான். இந்தக் காசு பளீரென்று இருந்தது, ஆனால் ஒளி நகரவில்லை, மொத்தமாக ஒரே இடத்தில் நின்று கண்ணைக் கூசவைத்தது.

மனம் கேட்காமல் அடர்த்தியும் பார்த்தோம். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கி, மெல்லிய நூலில் காசைத் தொங்கவிட்டு முக்கினால், அது விலக்கும் தண்ணீரின் எடை தராசில் தெரியும். 2.64 காட்டியது. 27.19ஐ 2.64ஆல் வகுத்தால் 10.3, பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளிக்கு வர வேண்டிய எண்தான். ஆக, அசல் என்பதில் சந்தேகமே இல்லை. அதில் ஆறுதலும் இல்லை, தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை.

அன்றைக்கே சாப் டாலரையும் கவனித்தோம். அது இருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை பிவிசி வகை, காசின் ஓரத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு படிய ஆரம்பித்திருந்தது. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல், தானாக உலரவிட்டு மைலார் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றினார். அசிட்டோன் பிசுக்கைத்தான் கரைக்கும், வெள்ளியைத் தொடாது.

ஏன் இப்படி ஆனது

இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் நிறைய பேசினோம். வியாபாரி ஏமாற்றிவிட்டார் என்பது எளிதான பதில், ஆனால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து இன்னொரு கண்காட்சியில் நண்பர் அவரைப் பார்த்துக் கேட்டபோது, "கிளீன் பண்ணலன்னு நான் சொன்னேனா தம்பி? நீங்க கேட்கவே இல்லையே" என்றார். கேட்கவில்லை என்பது உண்மை. தெரிந்தே புழங்காத காசின் விலையைச் சொன்னாரே என்று எனக்குக் கோபம் உண்டு, அது வேறு.

உண்மையான காரணம் என்று நான் நினைப்பது இது. தராசு, காலிப்பர், காந்தம், அச்சிட்ட தாள் எல்லாமே 'இது அசலா' என்ற ஒரே கேள்விக்கான கருவிகள். காலையில் போலி ஒன்றைப் பிடித்ததும் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. மாலையில் அதற்கு 'ஆம்' என்று பதில் வந்ததும் நெஞ்சு இறுக்கம் தளர்ந்துவிட்டது, கூடவே மற்ற கேள்விகளும் போய்விட்டன. பரப்பு எப்படி இருக்கிறது, 150 வருடத்தை நெருங்கும் வெள்ளி ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, சொல்கிற தரத்துக்கு இந்த விலை பொருந்துமா என்று எதுவும் தோன்றவில்லை. வெள்ளி கறுக்கும், நிறம் ஏறும், அதுதான் அதன் இயல்பு. வெளுத்துக் கிடக்கிற பழைய வெள்ளிக்காசு என்றாலே யாரோ கை வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தவர்தான். அன்று மாலை தெரியவில்லை, அவ்வளவே.

வெளிச்சமும் ஒரு காரணம். உயரத்திலிருந்து பரவலாக விழும் டியூப்லைட்டில் மயிரிழைக் கீறல் மறைந்துகொள்ளும், ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் அது தலைகாட்டும்.

அதன் பிறகு

காசைத் தரம் பிரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினார். வேண்டாம், பதில் நமக்கே தெரியுமே என்றேன். எழுத்தில் வேண்டும் என்றார். இந்தத் தரப் பிரிப்பில் 70 வரை எண் கொடுப்பார்கள். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காகப் போட்ட கணக்கு, இன்று இந்த மாதிரி நிறுவனங்கள் மற்றக் காசுகளுக்கும் அதையே பயன்படுத்துகின்றன. 60 அல்லது அதற்கு மேலே என்றால் புழங்காதது. சில மாதம் கழித்து இவருடையது திரும்பி வந்தபோது அதை மூடி வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியில் எண்ணே இல்லை. 'அசல், சுத்தம் செய்யப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி. விசாரித்துப் பார்த்ததில், கொடுத்த விலையில் பாதிக்குத்தான் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். தரம் பிரிக்கக் கட்டிய கட்டணம் தனி நஷ்டம்.

என்ன மாறியது

நண்பர் சோதனை வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார். இப்போது முதலில் வெறும் கண்ணால், காசைச் சாய்த்து ஒளி சுற்றுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் லென்ஸ், கடைசியில்தான் தராசு. தராசு முதலில் 'சரி' என்று சொல்லிவிட்டால் கண் சோம்பேறியாகிவிடுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு, எனக்கும் சரியாகவே படுகிறது. 'இதர' கவர் இன்னும் இருக்கிறது, ஆனால் அதன் மேலேயே நாலு கேள்விகள் எழுதி ஒட்டியிருக்கிறார். முதலாவது, "கழுவியதா என்று வாய்விட்டுக் கேட்டாயா?"

கடைசி ஒரு மணி நேரத்தில் எதுவுமே வாங்குவதில்லை என்றும் ஒரு விதி வைத்திருக்கிறார். இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சுமந்து கொண்டுபோக மனமில்லாத வியாபாரி விலையை இறக்குவது அந்த நேரத்தில்தான், நான் வாங்கிய நல்ல காசுகளில் சில அப்படி வந்தவை. காலைச் சுற்றில் நிதானமாகப் பார்த்து வைத்த காசு என்றால் மாலையில் வாங்கலாம், மாலையில் முதன்முதலாகக் கண்ணில் பட்ட காசு என்றால் வேண்டாம் என்பது என் கட்சி. இன்னும் வாதம் முடியவில்லை.

என் பங்குக்கு, 'கேட்டால் மட்டும் சொல்' என்ற நிபந்தனைக்கு இனியும் ஒத்துக்கொள்வேன், கற்றுக்கொள்ள அதுதான் வழி. ஆனால் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பேன், செப்புக்காசு எங்கும் ஓடிப்போகாது.

அந்த 1877 டாலரை அவர் விற்கவில்லை. தரம் போட்டு வந்த பெட்டியை உடைத்து வெளியே எடுத்துவிட்டு, வட்டமான சின்ன உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இப்போது கண்காட்சிக்கு வருகிறார். ஒரு மேசையில் உட்கார்ந்ததும் அது தன்னுடைய காசு என்று வியாபாரியிடம் முதலிலேயே காட்டிவிடுவார், வீண் சந்தேகம் வரக்கூடாது இல்லையா. பிறகு அந்த மேசை விளக்கின் கீழே அதைச் சாய்த்துப் பார்ப்பார். கீறல் தெரிந்தால் அந்த வெளிச்சத்தில் மற்ற காசுகளைப் பார்ப்பார். தெரியவில்லை என்றால் விளக்கை மாற்றச் சொல்லிக் கேட்பார், இல்லையென்றால் அடுத்த மேசை.